பிளாக்குக்கு ஒரு நாற்காலி

உலக சபையில் பேசியதற்காக எனக்கு ஏழு தையல் போட்டார்கள். அது எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன். எங்காவது வரிசை தவறினால் தவறு என்னுடையது. சபை எல்லாவற்றையும் வரிசைப்படிதான் செய்தது.

நான் நெடுமாறன். நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டில் கரி போகும்போது கொஞ்சம் கீழே சிந்தும். அதை ஷவலால் அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஆடி மாதம் என்னோடு அள்ளிக்கொண்டிருந்த பழனிசாமிக்கு ரோலரில் மூன்று விரல்கள் போயின. அடுத்த கை யாருடையது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரமே எல்லோரும் இடது கையை முன்னால் வைத்து ஷவல் பிடிக்கப் பழகிக்கொண்டோம்.

ஐப்பசியில் டைம் கீப்பர் இடம் ஒன்று காலியானது. மேசை, மின்விசிறி, வருகைப் பதிவேடு. காண்ட்ராக்ட் எடுத்திருந்த மேஸ்திரி தனகோட்டி, ஏதாவது ஒரு மாலை வகுப்புச் சான்றிதழ் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேலை என்றும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அது தன் கைக்கு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நான் அப்போது ஒரு மாலை வகுப்பின் கடைசி வாரத்தில் இருந்தேன். எது என்று சேரும்போது அதிகம் யோசிக்கவில்லை. மற்ற வகுப்புகள் நிரம்பிவிட்டன. இதில் இடம் இருந்தது.

ராஜ்மோகன் சாரின் உலக உறவுகள் மாலை வகுப்பு சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. சார் முப்பது வருடங்களுக்கு முன்பு ஏதோ ஒரு தூதுக்குழுவோடு ஜெனீவா போய்ப் பதினொரு நாட்கள் இருந்தவர். குழுவில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவர் வேலை. “உலகத்தை நான் முதுகுப் பக்கமிருந்து பார்த்தவன்” என்று முதல் நாளே சொன்னார். அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டோம்.

சான்றிதழுக்கு ஒரே நிபந்தனை. கடைசி ஞாயிற்றுக்கிழமை மாதிரி உலக சபை கூடும். அதில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நாட்டுக்காக இரண்டு நிமிடங்கள் பேச வேண்டும். பேசியது குறிப்பேட்டில் ஏற வேண்டும். இருக்கிற நாடுகளின் பெயரை வைத்தால் தூதரகங்களிலிருந்து கடிதம் வரும் என்று சார் பயந்ததால் நாடுகளுக்கு எண் மட்டும் கொடுத்தார்.

ஐந்து பெரிய நாடுகள் நிரந்தர உறுப்பினர்கள், மற்றவை தற்காலிகம் என்று அவர் பலகையில் எழுதியதும் வகுப்பு தானாகவே இரண்டாகப் பிரிந்தது. அப்பா சுரங்கத்தில் பெர்மனெண்டாக இருந்த ஐந்து பேர் எழுந்து முன்வரிசைக்குப் போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாருக்கும் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். அதிகாரி ஒருவரின் மகள் கிருஷ்ணப்ரியா இரண்டாம் பெரிய நாடு ஆனாள். ஐந்து பேருக்கும் சுழலும் நாற்காலி, கழுத்தில் மாட்டச் சிவப்பு அட்டை. காண்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஒன்பது தீவுகள், பிளாஸ்டிக் நாற்காலி, மஞ்சள் அட்டை. குறிப்பெழுதும் உமாராணிக்கு ஒரு பேனா. எனக்குத் தீவு மிஞ்சவில்லை.

நான் எழுந்து நின்று கேட்டபோது சார் பலகையில் ஒன்பது தீவுகளையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு, ஒன்பது தீவுகளும் சேர்ந்து ஒரு பிளாக், அதாவது ஒரு கூட்டணி என்றும், நான் அந்த பிளாக்கின் குரல் என்றும் சொன்னார்.

“பிளாக் ஒரு நாடு கிடையாதுப்பா. அதனால ஓட்டு இல்லை. ஆனா ஒன்பது நாட்டை விடப் பெரிசு. அதனால மரியாதை உண்டு. மரியாதைக்கு ஒரு நாற்காலி போட்டுருவோம், தூணுக்குப் பின்னால. நீ பார்வையாளர்.”

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சபை தெரியாதே என்றேன். பார்வையாளர் பார்க்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்றார். கழுத்தில் மாட்ட எனக்குப் ‘பார்வையாளர்’ என்று எழுதிய வெள்ளை அட்டை வந்தது.

அதோடு முடியவில்லை. பிளாக்குக்குக் குரல் ஒன்று, முகம் ஒன்று; இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அது சர்வாதிகாரமாம். முகம் மாதம் ஒரு தீவாகச் சுழலும். அந்த மாதம் ஏழாம் தீவின் முறை. ஏழாம் தீவு சிவக்குமார், வெல்டர். ஆகவே நாற்காலியில் அவன் உட்காருவான். நான் அவன் பின்னால் நின்று பேசுவேன். நான் பேசும்போது அவன் வாயை அசைக்கக் கூடாது. அதை மட்டும் சார் மூன்று முறை சொல்லிக்கொடுத்தார்.

பெயர்ப்பலகைகளை சிவக்குமார்தான் செய்தான். மின்விசிறிக் காற்றில் பறக்காத பலகை வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். இரும்பு ஆங்கிளை வெட்டி, வெல்டு வைத்து, அதன் மேல் தேய்ந்துபோன பெல்ட் ரப்பரை முடுக்கி, வெள்ளைப் பெயிண்டில் எழுதினான். ஒன்றை எடுத்துப்போய் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ நானூறு கிராம். பேச விரும்பினாலும் ஓட்டுப் போட விரும்பினாலும் அதைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும் என்பது விதி. நிரந்தர உறுப்பினர் எதிர்ப்பாக உயர்த்தினால் எந்தத் தீர்மானமும் செத்துவிடும்.

விவாதப் பொருளை சார் கொடுத்தார்: இரண்டாம் பெரிய நாடு மூன்றாம் தீவின் மேல் குண்டு போடுகிறது. இதில் பிளாக்கின் நிலை என்ன?

ஒன்பது தீவுகளும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் குரலுக்குப் பேச்சு. இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம். மூன்றாம் தீவு வெங்கடேஷ். ‘கண்டிக்கிறோம்’ என்று எழுதச் சொன்னான். மற்ற எட்டுத் தீவுகளும் இரண்டாம் பெரிய நாட்டுக்கு மீன் விற்கின்றன என்று பாடக்குறிப்பில் இருந்தது. ஆகவே எட்டுப் பேரும் முடியாது என்று தலையை ஆட்டினார்கள். ‘கவலை’ என்பதில் வந்து நின்றது. சரி, ‘ஆழ்ந்த கவலை’ என்றாவது போடுங்கள் என்று வெங்கடேஷ் இறங்கி வந்தான்.

“ஆழ்ந்தன்னு போட்டா அவன் மீனு வாங்க மாட்டான்டா” என்றான் சிவக்குமார். “அப்புறம் நான் வலையைச் சுருட்டிகினு வூட்டுக்குத்தான் போவணும்.”

“என் தலையில குண்டு வுழுந்துகினு இருக்குது. நீ மீனு எண்ணிகினு இருக்கிறியா?”

வெங்கடேஷ் முதலில் கன்னத்தில் அறைந்தான். சிவக்குமார் பதிலுக்கு அறையவில்லை. கையில் இருந்த பெயர்ப்பலகையால் வாயில் அடித்தான். முன்பல் பாதி உடைந்து பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. நான் தேடி எடுத்துத் துடைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். சார் எட்டிப் பார்த்துவிட்டு உமாராணியை எழுதச் சொன்னார்: ‘மூன்றாம் தீவும் ஏழாம் தீவும் மனம் திறந்து கருத்துகளைப் பரிமாறிக்கொண்டன.’

வாய் வீங்கியதால் வெங்கடேஷால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஒருமித்த கருத்து ஏற்பட்டது. ஒரு வாக்கியம் கிடைத்தது: ‘மூன்றாம் தீவில் நிலவும் சூழ்நிலையை எங்கள் ஒன்பது நாடுகளும் கவலையுடன் கவனித்து வருகின்றன.’

வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்பது நொடி. இரண்டு நிமிடத்துக்குப் பதினான்கு முறை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லலாமா என்று சாரிடம் பயந்து பயந்து கேட்டேன். “ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குப் பேருதான் தம்பி வெளியுறவுக் கொள்கை” என்று தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு மூன்று மணிக்குச் சபை. கூடத்தின் கதவில் சார் ஒரு தாளை ஒட்டியிருந்தார்: ‘உலக சபை. பிளாக் பிரதிநிதிக்கு இருக்கை ஒன்று மட்டும்.’

நான் இரண்டரைக்குப் போனபோதே தூணுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சங்கரலிங்கம், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த ஃபோர்மேன். டவுன்ஷிப்பில் தெருக்களைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பார்கள்; கூடம் இருக்கும் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர். தெருவில் நான்கு மாதமாகச் சாக்கடை வழிகிறது என்று யார் யாரிடமோ மனுக் கொடுத்துவிட்டு, கடைசியில் உலக சபையே தங்கள் பிளாக்கைக் கூப்பிட்டிருக்கிறது என்று நினைத்து, சங்கத்து ஆட்கள் மூவரோடு வந்திருந்தார். சலவைச் சட்டை. மடியில் மனுக்கட்டு.

அது பிளாக்கின் நாற்காலி என்று பணிவாகச் சொன்னேன்.

“தெரியும்லா. எட்டு வருசமா நான்தான் பிளாக் பிரதிநிதி. நீ எந்தத் தெருடே?”

எனக்கு டவுன்ஷிப்பில் தெரு கிடையாது, வேலிக்கு வெளியே இருந்து வருகிறேன் என்றேன்.

“வெளிய இருக்கவனுக்கு பிளாக் எப்படிடே சொந்தமாகும்?” என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

சாரிடம் ஓடினேன். சார் வந்து பார்த்தார். ஆளைப் பார்த்தார், கூட வந்த மூன்று பேரைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பும் அதிகாரம் உலக சபைக்குக் கிடையாது. அப்படி எழுப்பத் தொடங்கினால் உலகத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே பாதி நாற்காலி சங்கரலிங்கத்துக்கு, பாதி சிவக்குமாருக்கு. நான் பின்னால் நின்று முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அதன் ஒரு காலில் விரிசல் இருந்தது.

சார் தொடக்க உரை ஆற்றினார்.

“இந்தச் சபை இதுவரை ஒரு போரையும் நிறுத்தியதில்லை. ஆனால் ஒரு போருக்காகவும் தன் கூட்டத்தை நிறுத்தியதும் இல்லை. சிலர் கேட்கிறார்கள், ஒன்பது நாடுகளுக்கு ஒரு குரல் போதுமா என்று. ஒன்பது பேர் வாயை மூடினால்தான் ஒருவர் ஒரே குரலில் பேச முடியும். அந்த ஒருவரையும் நாம் கடைசியாகத்தான் கூப்பிடுவோம். அதற்குள் பிரச்சினை தீர்ந்திருக்கும், அல்லது பிரச்சினைக்குரிய நாடு தீர்ந்திருக்கும்.”

கைதட்டினோம்.

கிருஷ்ணப்ரியா எழுந்து தன் நாட்டின் அறிக்கையைப் படித்தாள். நல்ல குரல். குண்டுகளைத் தாங்கள் கடலில்தான் போட்டதாகவும், தீவுதான் குறுக்கே இருந்ததாகவும், இருந்தும் பெருந்தன்மையோடு தீவை மன்னிப்பதாகவும் சொன்னாள்.

வெங்கடேஷ் பெயர்ப்பலகையை உயர்த்தினான். விதிப்படி பேச்சுக்கு அனுமதி கேட்கிறான் என்று உமாராணி குறித்துக்கொண்டாள். ஆனால் அவன் கை உயர்ந்த இடத்தில் நிற்கவில்லை. பலகை பறந்தது. கிருஷ்ணப்ரியா மேசைக்கு அடியில் குனிந்தாள். பலகை தூணில் மோதித் திரும்பி சங்கரலிங்கத்தின் பாதத்தில் விழுந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த அந்த நொடியில் சிவக்குமார் முழு நாற்காலிக்கும் பரவி உட்கார்ந்தான்.

அடுத்து நடந்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை எழுதுகிறேன். தூண் மறைத்ததால் சில அடிகள் விட்டுப் போயிருக்கலாம்.

சங்கரலிங்கம் மனுக்கட்டால் சிவக்குமாரின் மூக்கில் குத்தினார். நான்கு மாதத்து மனுக்கள், நல்ல கனம், மூக்கு உடைந்தது. சிவக்குமார் நாற்காலியை விடாமல் உட்கார்ந்தபடியே உதைத்தான். விரிசல் விட்ட கால் முறிந்தது. முறிந்த காலை சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டார். சங்கத்து ஆட்கள் மூவரும் யார் பிளாக், யார் பிளாக் இல்லை என்று கேட்காமல் அடித்தார்கள். பிளாக்கின் ஒற்றுமைக்கு ஆபத்து என்று கூவிக்கொண்டு ஐந்தாம் தீவும் எட்டாம் தீவும் வந்தன. வந்த வேகத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நான்காம் பெரிய நாடு சுழலும் நாற்காலியோடு உருண்டு வந்து இரண்டாம் தீவின் மேல் ஏறியது. அதன் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முதல் பெரிய நாடு இரண்டு பக்கமும் பலகை விநியோகித்தது.

பலகைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. உமாராணி சுவரோரம் நின்று ஒவ்வொன்றையும் எழுதினாள். ஒவ்வொன்றும் விதிப்படி பேச அனுமதி கேட்பதுதான். குறிப்பேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் வரிசையில் நின்றன. சிலர் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தார்கள்.

சார் மேடையில் இருந்தபடி அவசரத் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் பலகைகளைக் கீழே வைக்க வேண்டும். ஆதரிப்பவர்கள் பலகையை உயர்த்தலாம். அந்த நேரத்தில் பதினொரு பலகைகள் காற்றில் இருந்தன. தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது என்று அறிவிக்கும் முன் எதிர்ப்பு உண்டா என்று சார் கேட்டதும், மேசைக்கு அடியிலிருந்து கிருஷ்ணப்ரியா தலையைக் காப்பாற்ற ஒரு பலகையை உயர்த்தினாள். அது நிரந்தர உறுப்பினரின் எதிர்ப்பாகிவிட்டது. தீர்மானம் செத்தது. அடி தொடர்ந்தது. யாரோ இழுத்த வயரில் மைக் எகிறி சாரின் தாடையில் மோதியது. சார் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சங்கரலிங்கம் நாற்காலிக் காலோடு என் பக்கம் திரும்பினார். “ஒதுங்குடே, நீ யாரு நடுவுல?” என்றார். நான் குரல் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்கு இன்னும் பேச அனுமதி வரவில்லை. பிளாக்கின் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

“இருபத்து மூணு, பிளாக்” என்று உமாராணி குறித்தாள்.

அடி பலகையைத் தாண்டி இறங்கியது.

கண் விழித்தபோது கூடம் அமைதியாக இருந்தது. பாதிப் பேர் ஓடியிருந்தார்கள், மீதிப் பேர் கிடந்தார்கள். மேடையில் சார் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உமாராணி பேனாவோடு அதே இடத்தில் நின்றாள். முதல் இருபத்திரண்டு பெயர்களையும் வரிசையாகக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை.

“இருபத்து மூணு. பேசுறீங்களா, விட்டுறவா?”

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தாள் ரத்தத்தில் ஒட்டியிருந்தது, வாக்கியம் மனப்பாடம். மூன்றாம் தீவில் நிலவும் சூழ்நிலையை எங்கள் ஒன்பது நாடுகளும் கவலையுடன் கவனித்து வருகின்றன. விரல் மடக்கி எண்ணிக்கொண்டே சொன்னேன். பதினான்கு. நடுவில் ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ என்று சந்தேகம் வந்ததால் பதினைந்தாவது முறையும் சொன்னேன்.

மூன்றாம் தீவு என் காலடியில் கிடந்தது. ஒரு கண் மூடியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, உடைந்த பல் வழியாகக் காற்றுப் போக, “குண்டுன்னு ஒரு வாட்டியாவது சொல்லக் கூடாதா நெடு?” என்றான்.

ஒப்புக்கொண்ட வாசகத்தில் அது இல்லை என்றேன். அவன் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டான்.

‘இரண்டு நிமிடம் பதினைந்து நொடி’ என்று உமாராணி எழுதினாள். தலை கிறுகிறுத்தாலும் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மேசையும் மின்விசிறியும் கண்ணுக்குத் தெரிந்தன.

வடலூர் போகும் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வேன்களில் கொண்டுபோனார்கள். மணி ஆறு இருபது. கேட்டில் செக்யூரிட்டி எங்கள் கழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நிரந்தர உறுப்பினர்கள் ஸ்ட்ரெச்சரில் போனார்கள். தற்காலிக உறுப்பினர்களைத் தற்காலிகமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். என்னை நிறுத்தினார்.

“பார்வையாளர் நேரம் நாலுல இருந்து ஆறு வரைக்கும். நாளைக்கு வாங்க.”

“நான் பேஷண்ட்ங்க. தலையில அடி.”

“தெரியுதுங்க. ஆனா பார்வையாளர்னு நீங்களே எழுதி மாட்டிகினு வந்துருக்கீங்களே. அதைக் கழட்டிட்டு வாங்க, வுடறேன்.”

அதுதான் முடியாது. விதி ஒன்பது: சபை முறைப்படி ஒத்திவைக்கப்படும் முன் அட்டையைக் கழற்றுபவர் பாதியில் வெளியேறியவராகக் கருதப்படுவார், சான்றிதழ் கிடையாது. சபையை ஒத்திவைக்கத் தலைவரால்தான் முடியும். தலைவரான சார் உள்ளே நாக்கில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். உமாராணி போய்க் கேட்டுவிட்டு ஒரு சீட்டோடு வந்தாள். ‘வாயால் அறிவித்தால்தான் செல்லும்’ என்று சார் எழுதியிருந்தார்.

கேட்டுக்கு வெளியே நின்றேன். ரத்தம் புருவத்தில் இறங்கும்போதெல்லாம் துடைத்தேன். அட்டையில் படாமல் பார்த்துக்கொண்டேன். ஏழு மணிக்கு உள்ளேயிருந்து சார் ‘ழா’ என்று ஒரு சத்தம் போட்டார். உமாராணி அதை ஒத்திவைப்பு என்று எழுதிக்கொண்டு ஓடிவந்து சொன்னாள். அட்டையைக் கழற்றினேன். “இப்ப நீங்க பேஷண்ட், போங்க” என்று செக்யூரிட்டி வழி விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது ஐம்பதுக்குச் சான்றிதழோடு தனகோட்டி முன்னால் நின்றேன். சார் படுக்கையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சர்வதேச வழக்கப்படி சரியான சொல்லைப் போட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

தனகோட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “இன்னாடா இது? ‘உலக சபையில் நிரந்தரப் பார்வையாளராகப் பணியாற்றினார்’னு போட்டுகினு இருக்குது?”

“ஓட்டு இல்லாம ஒரு நாற்காலி மட்டும் குடுத்தா அப்படித்தான் சொல்லுவாங்கண்ணே.”

“நாற்காலி கெடக்குது. நிரந்தரம்னு இருக்குதே? அப்ப நீ பெர்மனெண்டு.”

“நான் காண்ட்ராக்ட்ண்ணே. உங்ககிட்டதானே மூணு வருசமா வேலை செய்யறேன்.”

“அது எனக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியுமா? இது காண்ட்ராக்ட்டு போஸ்ட்டு. பெர்மனெண்ட் ஆளை என் மஸ்டர் பதிவேட்டுல ஏத்தினேன்னு எவனாவது எழுதிப் போட்டா என் லைசென்ஸ் பூடும்டா.”

சான்றிதழை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார். டைம் கீப்பர் வேலை எங்களோடு கரி அள்ளிய அம்சவல்லிக்குப் போனது. அவள் கொண்டுவந்தது தையல் வகுப்புச் சான்றிதழ். எனக்கும் ஏழு தையல் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. ஷவலை எடுக்கப் போனேன்.

கட்டுப் போட்ட தலையில் ஹெல்மெட் ஏறவில்லை. அதைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, இடது கையை முன்னால் வைத்து ஷவலைப் பிடித்தேன். சைரன் ஊதியது. பெல்ட் ஓடத் தொடங்கியது. ரோலருக்கும் என் கைக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். நிலவும் சூழ்நிலையைக் கவலையுடன் கவனித்து வருகிறேன். ‘ஆழ்ந்த’ என்று சேர்க்க இன்னும் ஒப்புதல் வரவில்லை.